‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்வதற்கு முன்: நாட்டு நடப்புக்கு ஒரு நோட்டு

ஒரு தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலை, வீட்டுக்கு வந்திருந்த மைத்துனனிடம், “இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்” என்றேன். அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். “அத்தான், நீங்க சொன்னது நேர்மாறா இல்ல இருந்துச்சு?” எனக்குக் கோபமே வந்துவிட்டது. சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தேன். எதற்கு வம்பு என்று அவனும் விட்டுவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து, அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த மகள் ஒரு பழைய டைரியோடு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாக்குப்பதிவுக்கு ஐந்து வாரம் முன்பு என் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘மறுபடியும் ஆளுங்கட்சிதான். சந்தேகமே வேண்டாம்.’ அந்த ‘சந்தேகமே வேண்டாம்’ கீழே இரண்டு கோடு வேறு. தோற்றது ஆளுங்கட்சி.

நான் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் புரூஃப் பார்த்தவன். அடுத்தவர் எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் உறுத்தும். என் வாயிலிருந்து வந்ததற்கு மட்டும் யாரும் புரூஃப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அது உறைத்தது. அதற்கப்புறம் நாட்டு நடப்புக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. நீங்களும் எழுத நினைத்தால், நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது உதவலாம்.

மைத்துனனிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். உண்மையிலேயே அப்படித்தான் எனக்கு நினைவிருந்தது. இது எனக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போனார். அவர் கிளம்புவதற்கு முன், ஃபிஷாஃப், பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள் இஸ்ரேலில் மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். நிக்சன் சீனத் தலைவர் மாவோவை ஒருமுறையாவது சந்திப்பாரா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுத வேண்டும். பயணம் முடிந்த பிறகு அதே மாணவர்களைக் கூப்பிட்டு, ‘அன்று நீங்கள் போட்ட எண் என்ன, நினைவிலிருந்து சொல்லுங்கள்’ என்றார்கள். நடந்துவிட்டதாகத் தெரிந்த விஷயங்களுக்குத் தாங்கள் அன்றே கூடுதலாக எண் போட்டதாகத்தான் பெரும்பாலானவர்களுக்கு நினைவு. ஆளாளுக்கு ‘அப்பவே சொன்னேனே’ கதைதான்.

இன்னொன்று, 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஒட்டி நடந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம், அந்தச் செய்தி உங்களுக்கு எங்கே, யார் மூலம், எப்படி வந்தது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் திரும்பவும் கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. நான் அந்த டைரிப் பக்கத்தைப் பார்த்து விழித்த விழி எப்படி இருந்திருக்கும் என்று இதைப் படித்தபோது புரிந்தது.

சரி, நோட்டுக்கு வருவோம்.

எந்த நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தாளைக் கிழித்து வெளியே எடுக்கிற வகை வேண்டாம். கிழிக்க முடிந்தால் கிழிப்போம். தேதி அச்சிட்ட டைரியும் வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் அந்த வெள்ளைப் பக்கம் முறைத்துப் பார்க்கும், நான்கு நாள் விட்டுப்போனால் டைரியே பரணுக்குப் போய்விடும். கைபேசியில் எழுதலாமா என்று மகள் கேட்டாள். எழுதலாம்தான். ஆனால் கைபேசியில் பழையதைத் திருத்தினால் தடம் தெரியாது. என்னைப் போன்ற ஆளுக்கு அது ஆகாது. தாளில் அடித்தால் அடித்தது தெரியும்.

விரித்த நோட்டில் இடப்பக்கம் மட்டும் எழுதுங்கள். எதிரில் உள்ள வலப்பக்கம் காலியாகவே கிடக்கட்டும். அது பிற்பாடு சிவப்பு மை வருவதற்கான இடம். முதல் மாதம் காகிதம் வீணாவது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எழுத வேண்டியதில்லை. எனக்கு வாரத்தில் இரண்டு நாள். அதுவும் செய்தி வந்த சூட்டில் எழுதுவதில்லை, ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான். அச்சகத்தில் முதல் புரூஃபை நம்பி யாராவது மெஷினில் ஏற்றுவார்களா? செய்தியும் அப்படித்தான். முதல் நாள் சொன்ன சாவு எண்ணிக்கை மறுநாள் மாறும், பெயர் மாறும், சில சமயம் ஊரே மாறும்.

அடுத்தது மொழி. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்பது வருடத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

தமிழில் ஓர் அருமையான விகுதி இருக்கிறது: ‘ஆம்’. வந்தார் என்றால் வந்தார். வந்தாராம் என்றால் யாரோ சொல்லக் கேட்டது. பேச்சில் நாம் இதைப் பிசகாமல் பயன்படுத்துகிறோம். ‘பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சாம்’ என்று சொல்லும்போதே, நான் உத்தரவைப் பார்க்கவில்லை என்று ஒரு மூலையில் சொல்லிவிடுகிறோம். அரசியல் என்று வந்தால் மட்டும் இந்த ‘ஆம்’ மாயமாகிவிடுகிறது. ‘அமைச்சருக்கும் தலைவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை’ என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி அடித்துச் சொல்கிறோம்.

ஆகவே நோட்டில் ஒரு கட்டுப்பாடு. நான் கண்ணால் பார்த்தது, அல்லது மூல ஆவணத்தையே படித்தது என்றால் நேர்வினை. மற்றதெல்லாம் ‘ஆம்’. ஒரு மசோதாவை நானே படித்தால் ‘இந்தப் பிரிவு இப்படிச் சொல்கிறது’. செய்தியில் பார்த்தால் ‘சொல்கிறதாம்’. முதல் வாரம் எழுதிய பக்கத்தைப் புரட்டினால் ஒரே ஆம், ஆம், ஆம். நாட்டைப் பற்றி நேராக எனக்குத் தெரிந்தது ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் மைத்துனனோடு மல்லுக்கட்டினேன் என்று இருந்தது.

‘ஆம்’ போட்டால் போதாது, பக்கத்திலேயே யார் என்றும் எழுதிவிடுங்கள். செய்தித்தாள் நடையில் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘கருதப்படுகிறது’ என்று மூன்று இருக்கின்றன. இவற்றை ஆயிரக்கணக்கில் புரூஃப் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருக்காது, ஆனால் ஆள் இருக்க மாட்டார். யார் கூறினார், யாருக்குத் தெரிகிறது, யார் கருதுகிறார்? நோட்டில் அந்த இடத்தில் ஆளை எழுதுங்கள்: ‘மாலைச் செய்தியில், அமைச்சரகப் பேச்சாளர்.’ ‘வாட்ஸ்அப்பில் அண்ணன் அனுப்பியது, அவருக்கு யார் அனுப்பினார் என்று கேட்கவில்லை.’ கேட்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்திலேயே பாதி வதந்தி நோட்டுக்கு வராமல் வாசலோடு போய்விடும்.

ஆனந்தரங்கப் பிள்ளை செய்தது ஏறக்குறைய இதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை, இடையிடையே விட்டாலும், நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை மணிக்குக் கவர்னரைப் பார்த்தார், அவர் என்ன சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் அடுத்தடுத்து வரும். அவருக்கும் சொந்த விருப்பு வெறுப்பு நிறையவே உண்டு, அதுவும் உள்ளே இருக்கிறது. ஆனாலும் இத்தனை காலம் கழித்து வரலாற்றுக்காரர்கள் அதைப் புரட்டுவது அந்த மணிக்கணக்குக்கும் ஆள்கணக்குக்கும்தான்.

இன்னொரு சொல்லையும் நோட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன்: மக்கள். ‘மக்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள்’ என்று ஒருமுறை எழுதியிருந்தேன். பிற்பாடு படித்தபோது, அன்று நான் யார் யாரோடு பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் அண்ணன், மின்தூக்கியில் வந்த ஒருவர், அப்புறம் நான். மூன்று பேர் கொதித்தோம். இப்போதெல்லாம் ஆட்களை எண்ணி எழுதுகிறேன். ‘இன்று நான்கு பேரோடு பேசினேன். இருவருக்குக் கோபம், ஒருவருக்கு விஷயமே தெரியாது, ஒருவர் பேச்சை மாற்றினார்.’ பேச்சை மாற்றியவரைக் குறித்துக்கொள்வது முக்கியம். சத்தம் போடுகிறவர்கள் எப்படியும் நினைவில் நிற்பார்கள்.

சரி, நடந்ததை எழுதியாயிற்று. இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? இதை எழுதாவிட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை. ‘வாய்ப்பிருக்கிறது’, ‘நடக்கலாம்’, ‘சொல்ல முடியாது’ என்று எழுதி நழுவாதீர்கள். எண் போடுங்கள், நூற்றுக்கு எத்தனை என்று. 1951-இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பு படையெடுப்பதற்குத் ‘தீவிரமான வாய்ப்பு’ இருப்பதாக ஓர் அறிக்கை கொடுத்தது. அப்படியென்றால் எவ்வளவு என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்க, அதைத் தயாரித்த ஷெர்மன் கென்ட், நூற்றுக்கு 65 என்றார். கேட்டவர் அதிர்ந்துபோனார், அவர் அதைவிட ரொம்பக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் தன் குழுவினரையே விசாரித்துப் பார்த்தால், ஒருவர் மனதில் 20, இன்னொருவர் மனதில் 80. ஒரே வாக்கியத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! அவர்கள் கதியே அப்படியென்றால் நம் வீட்டு வாசல் பேச்சு எம்மாத்திரம்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கெடு தேதி. ‘இந்தக் கூட்டணி உடையும், 70’ என்று மட்டும் எழுதினால் போதாது. என்றைக்காவது உடையத்தானே போகிறது. ‘அடுத்த ஜூன் மாதத்துக்குள் உடையும், 70’ என்றால்தான் பிடி கிடைக்கும். அப்புறம் ஒரு சின்ன ‘வி’. வி என்றால் விருப்பம். நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற விஷயமாக இருந்தால் எண்ணுக்கு மேல் ஒரு ‘வி’ போட்டுவிடுவேன். இந்த எழுத்தை ஏன் சேர்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்தின் அடியில் இரண்டு மூன்று வரி வீட்டுக்கு. அன்று வீட்டில் என்ன நடந்தது, உங்கள் கை கால் எதில் பட்டது என்று. குழாய் ஒழுகியது, பல்வலி, பேருந்துக்கு நின்றது, எதுவானாலும் சரி. அரசியல் நோட்டில் இதெல்லாம் எதற்கு என்று நானும் முதல் வருடம் எழுதாமல்தான் இருந்தேன். எழுதியதால் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தின் மேல்பாதியில், அலுவலகச் சேவைகளெல்லாம் கணினிக்கு மாறுவதைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன். இடைத்தரகர் ஒழிவார், வரிசை ஒழியும், முதியவர்கள் அலைய வேண்டியதில்லை, 90. அடியில் வீட்டு வரி: ‘அம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். விரல்ரேகை பதியவில்லை. துணியில் துடைத்து வைத்தார். பதியவில்லை. அடுத்த விரல். பதியவில்லை. ஐந்தாவது தடவை அம்மா விரலைத் திருப்பித் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாளைக்கு வரச் சொன்னார்கள்.’

எழுதிய அன்று இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. மேலே கொள்கை, கீழே அலைச்சல், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்துப் படிக்கும்போதுதான், ஒரே பக்கத்தில், ஒரே பேனாவால், நானே என்னை மறுத்து எழுதியிருப்பது தெரிந்தது. வயதானால், கையால் நிறைய வேலை செய்திருந்தால், விரல்ரேகை தேய்ந்துபோகும். அம்மா வாழ்நாள் முழுக்கத் துணி துவைத்த கை அது. கணினிமயம் கூடாது என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு ஒரு புதிய திட்டம் வந்தால் முதலில் நான் தேடுவது, இயந்திரம் ஏற்காதபோது அடுத்த வழி என்ன என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான். எந்தத் தலையங்கமும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. அம்மா விரலைத் திருப்பிப் பார்த்ததை எழுதி வைத்ததால் வந்தது.

வீட்டு வரியை எழுதும்போது, ஐந்து வருடம் கழித்துப் படிக்கப்போகிறவர் உங்களுக்கு அந்நியர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பாரிஸில் மக்கள் பஸ்டில் கோட்டையைத் தாக்கிய 1789 ஜூலை 14 அன்று, பதினாறாம் லூயி மன்னர் தன் குறிப்பேட்டில் எழுதியது ‘ஒன்றுமில்லை’. இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது வேட்டைக் கணக்கு எழுதுகிற ஏடு. அன்று வேட்டையில் ஒன்றும் விழவில்லை, அவ்வளவுதான். மனுஷன் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் இந்தக் கேலி மிச்சம். நானும் ஒரு பக்கத்தில் ‘அவர் வந்து போனார், ஏமாற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யார் அந்த அவர் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிவப்புப் பேனாவை எடுங்கள். கெடு தேதி தாண்டியதையெல்லாம் பார்த்து, வலப்பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இடப்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தாலும் விட்டுவிடுங்கள் (எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது). பிறகு எண்ணிப் பாருங்கள். 90 போட்டவற்றில் பத்துக்கு ஒன்பது நடந்திருந்தால் உங்கள் நாக்கும் தலையும் ஒரே அளவில் இருக்கின்றன என்று பொருள். என் முதல் கணக்கில் 90 போட்டது 31 இடங்களில். நடந்தது 17. பூவா தலையா போட்டிருந்தால்கூட ஏறக்குறைய இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

அந்தப் பதினாலு தோல்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு ஒரே திசையில் சாய்ந்திருந்தன. நடக்க வேண்டும் என்று நான் ஏங்கியதெல்லாம் நடக்கும் என்று எழுதியிருக்கிறேன். அந்த ‘வி’ அப்போது வந்ததுதான். இப்போது ‘வி’ போட்ட இடத்தில் எண்ணை எழுதிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பத்தோ பதினைந்தோ குறைக்கிறேன். 90 போடுவது ரொம்பவே குறைந்துபோயிற்று. வீட்டில் என் சத்தமும் கொஞ்சம் குறைந்திருப்பதாக மனைவி சொல்கிறாள். அவள் சொன்னது, ஆகவே சத்தம் குறைந்திருக்கிறதாம்.

சில விஷயங்களை எழுத வேண்டாம். குடும்பச் சண்டையில் யார் எந்தக் கட்சிப் பக்கம் நின்றார்கள் என்று பெயரோடு எழுதாதீர்கள். நோட்டை யாராவது படிப்பார்கள்; என் மகள் படித்ததால்தானே இத்தனையும். ஒருவர் நம்பிச் சொன்ன அலுவலக ரகசியமும் வேண்டாம். மனதில் உள்ளதையெல்லாம் கொட்டு, பாரம் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோபத்தில் எழுதிய நான்கு பக்கம் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு தகவல்கூட இல்லை, வசவு மட்டும்தான். அதிலும் ஒரே வசவு நான்கு தடவை. பாரம் இறங்கியதாகவும் தெரியவில்லை.

நோட்டிலிருந்து எதையாவது எடுத்து மற்றவர்கள் படிக்க எழுத ஆசையிருந்தால், சிவப்பு மை அதிகமாக உள்ள பக்கத்தை எடுங்கள். நீங்கள் சரியாகச் சொன்ன பக்கம் உங்களுக்குத்தான் ருசிக்கும். எழுதும்போது மேலிருந்து தொடங்காமல் அடியிலுள்ள வீட்டு வரியிலிருந்து தொடங்குங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுதக் கற்றுத்தரும் யோக்கியதை எனக்கில்லை. நான் புள்ளி பார்க்கிறவன்.

போன மாதம் மைத்துனன் வந்திருந்தான். புதிதாக வந்த ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்றான் அவன். மாட்டார்கள் என்றேன் நான். குரல் ஏறுவதற்குள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து என் எண்ணை எழுதினேன்: அடுத்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெறுவார்கள், 25. பேனாவை அவனிடம் நீட்டினேன். அவன் வெகுநேரம் யோசித்தான். 80 என்று எழுதினான். அடித்தான். 65 என்று எழுதினான்.

“வி போடணுமா அத்தான்?” என்றான்.

“உனக்குத்தான் தெரியும்” என்றேன்.

போட்டான்.